மடக்கிய கட்டை விரல்

அந்த வீட்டுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் வலது கைக் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் அம்மாவிடம் சத்தியம் வாங்கியவன் நான். அப்போது தஞ்சாவூரில் பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்தவன். எங்கள் தெருவிலிருந்து எந்த மனு போனாலும் அது என் கையெழுத்தில்தான் போகும். காகிதம் ஒரு ஆளை எப்படியெல்லாம் விழுங்கும் என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அந்த வீடு என்றால் பெரியவீடு. ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் அவர்களுடையது. நாங்கள் பயிர் செய்த மூன்று மா நிலமும், ஒரு ஏக்கர் அளவு, அவர்களுடையதுதான். அப்பா இருபது வருடத்துக்கு மேல் அதைக் குத்தகைக்கு உழுதார். எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அறுபத்தேழில் ஆட்சி மாறியபின், குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் அவ்வளவு லேசாக வெளியேற்ற முடியாது. அப்பா மனுக் கொடுத்தார். விசாரணைக்கு அழைப்பு வருவதற்குள் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. மனு அம்மா பெயருக்கு மாறியது. பெரியவீட்டுத் தரப்பின் பதில் இரண்டே வரி: இவர்கள் குத்தகைக்காரர்கள் அல்ல, கூலிக்கு வேலை செய்த பண்ணையாட்கள்.

எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு குடும்பம் நிலத்தை விட்டிருந்தது. விதை உளுந்து வாங்கியதற்கு ரசீது என்று சொல்லிப் பெரியவீட்டில் கைநாட்டு வாங்கினார்கள். விசாரணை அன்று அதே காகிதம், ‘நிலத்தை மனமுவந்து ஒப்படைத்துவிட்டோம்’ என்று பேசியது. என் பயம் அங்கிருந்து வந்தது.

எங்கள் முதல் விசாரணை சித்திரையில் நடந்தது. தாலுகா ஆபீஸில் ஒரு நீளமான அறை. தாசில்தார் மேசைக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே அம்மா நின்றாள். பக்கத்தில் பெரியவீட்டுக் காரியக்காரர். அந்த வீட்டு நிலபுலன் வேலையெல்லாம் அவர் கையில். மடிப்புக் கலையாத வேட்டி, கக்கத்தில் தோல் பை. தாசில்தார் கடுமையானவர் இல்லை. எத்தனை வருடமாகச் சாகுபடி, எந்த வாய்க்கால் பாசனம், நாலு பக்கமும் எல்லை என்ன என்று வரிசையாகக் கேட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அம்மா சொல்லக்கூடியவை.

“கிழக்கால...” என்று ஆரம்பித்தாள்.

கழுத்திலிருந்து ஒரு சிவப்பு ஏறி முகம் முழுக்கப் பரவியது. யாரோ தலையில் குடத்தைக் கவிழ்த்த மாதிரி வேர்வை கொட்டியது. “கிழக்கால...” என்று மறுபடி சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது.

காரியக்காரர் சிரிக்காமல் சொன்னார்: “பொய் சொல்ல வந்து நின்னா வேர்க்கத்தான சார் செய்யும்.”

அம்மா யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தாசில்தார் ஆடி மாதத்துக்கு வாய்தா போட்டார். என்னைப் பார்த்து, “தம்பி, வாக்குமூலம் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த தடவையும் இப்படின்னா கேஸ் கட்டை மூடிடுவேன்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு உள்ளே ஒரு கேள்வி. காரியக்காரர் சொன்னதில் ஏதாவது இருக்குமோ? அப்பா உண்மையிலேயே குத்தகைக்குத்தான் உழுதாரா, இல்லை என்னிடம் மட்டும் அப்படிச் சொல்லி வளர்த்தார்களா? இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அந்தப் பஸ்ஸில் நான் முதலில் சந்தேகப்பட்டது பெரியவீட்டை அல்ல, என் அம்மாவை.

அப்புறம்தான் வீட்டில் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். படுத்த பாய் விடியும்போது நனைந்திருந்தது. உலை கொதிக்கும்போது திடீரென்று அகப்பையை வீசிவிட்டு வெளியே ஓடுவாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று வாசற்படியில் உட்காருவாள். ஒன்றுமில்லாததற்குக் கத்துவாள், பிறகு தானே அழுவாள். இரவில் வேர்த்தால் காசநோய் என்று எங்கோ படித்திருந்தேன். அவளுக்குத் தெரியாமல் அவள் லோட்டாவைத் தனியாக எடுத்து வைத்தேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏன்டா என் லோட்டா மட்டும் மாடத்துல தனியாக் குந்தியிருக்கு?”

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “காசமும் இல்ல, கீசமும் இல்ல. ஒங்கம்மாவுக்கு நாப்பத்தெட்டு வயசாகுது. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு ஒடம்பு மாறும். நீ அவங்களக் கோவப்படுத்தாம இரு” என்றார்.

“எப்ப சரியாகும்? ஆடிக்குள்ள சரியாயிடுமா?”

“எனக்கே இன்னும் சரியாகல” என்றார் நர்ஸம்மா. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வைகாசியில் ஒரு மத்தியானம். பக்கத்துத் தெருவில் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தரையில் மல்லாந்து கிடந்தாள். சேலையைக் கணுக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, இரண்டு காலையும் மண் சுவரில் நெட்டுக்குத்தலாகச் சாய்த்திருந்தாள். கைகள் விரிந்து கிடந்தன. கண் மூடியிருந்தது.

“அம்மா!”

“கத்தாத. எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“எத?”

“மூச்ச.”

கால்களை இறக்கி, பக்கவாட்டில் புரண்டு, மெதுவாக எழுந்தாள். இப்படிக் கொஞ்ச நேரம் இருந்தால் படபடப்பு அடங்குகிறது என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். சேலையைச் சரிசெய்தாள். மறுபடி கேட்டேன்.

“பெரியவீட்டு அம்மா.”

பத்து நாளுக்கு முன்னால் அங்கே உளுந்து புடைக்கப் போயிருக்கிறாள். கொல்லைக் களத்தில் புடைத்துக்கொண்டிருக்கும்போது சூடு ஏறி முறத்தைக் கீழே போட்டிருக்கிறாள். பெரியவீட்டுக்காரரின் மனைவி சன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

“வந்து, ‘ஒனக்கும் நின்னுபோச்சா’ன்னு கேட்டாங்க.”

“என்னது நின்னுபோச்சா?”

“ஒனக்கு எதுக்குடா அதெல்லாம்.”

அந்த அம்மா மகள் வீட்டுக்கென்று சென்னையில் ஆறு மாதம் இருந்தவர். அங்கே ஒரு பெண் டாக்டர் சொல்லி யோகாசனம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். தினமும் மத்தியானம், ஆண்கள் சாப்பிட்டுப் படுத்தபிறகு, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வைக்கோல் கொட்டகையில் செய்கிறார். இப்போது அம்மாவும் அங்கே போகிறாள்.

“அவங்க எதுக்கு ஒனக்குச் சொல்லித் தரணும்?”

“தனியாச் செய்யப் பிடிக்கலையாம்.”

“அவங்க சாதி சனத்துல ஆளே இல்லையா?”

“அவங்க சனத்துக்கிட்ட இதச் சொல்லிட்டு மறுநாள் தல நிமிந்து நடக்க முடியுமாடா? என்கிட்டச் சொன்னா நான் யாருகிட்டப் போயிச் சொல்லப் போறேன். யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

ஆடி மாதம் விசாரணை. வைகாசியில் அந்த வீட்டுக் கொல்லைக் கதவு எங்களுக்குத் திறக்கிறது. இதைத் தற்செயல் என்று நம்ப என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. அன்றுதான் கட்டை விரல் சத்தியம் வாங்கினேன். எதையாவது பிடி என்றாலும் நாலு விரலால் பிடி, வாங்கு என்றாலும் இடது கையால் வாங்கு, வலது கட்டை விரல் அந்த எல்லைக்குள் வெளியே வரக் கூடாது.

“இடது கையால வாங்குனா அந்தம்மா என்ன நெனப்பாங்க?”

“நெனச்சுட்டுப் போகட்டும்.”

விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் எங்கள் தெரு டீக்கடையில் என்னை மடக்கினார். மாடு மேய்க்கிற பையன் எவனோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனிதர். ஆனால் வாய்.

“என்ன தோழர், இங்க நாம கொடி புடிச்சுக்கிட்டு நிக்கிறோம். ஒங்கம்மா அங்க பெரியவீட்டுல மூச்சு விடப் போறாங்களாமே? நம்ம தெருவுல காத்துக்கு என்ன பஞ்சம்?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கரை வேட்டிக்காரர் ஒருவர், “விடுப்பா, நாளைக்கு மூச்சுக்கும் குத்தகை போட்டுப் பதிவு பண்ணிக்கலாம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, இனிமேல் போகக் கூடாது என்று சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“போன வாரத்துலேருந்துதான்டா நாலு மணி நேரம் சேந்தாப்புல தூங்குறேன். ஒன் சட்டம் எனக்குத் தூக்கம் தருமா?”

அவள் சொன்னது பொய்யில்லை. பாய் நனைவது நிற்கவில்லை. ஆனால் நனைந்ததும் எழுந்து ஓடாமல், படுத்தபடியே நீளமாக மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி தூங்கிப்போகிறாள். அகப்பை பறப்பது குறைந்திருந்தது. எனக்கு இதுவே மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது. நல்லது செய்து நம்பவைத்தால்தானே விரலை நீட்டச் சொல்ல முடியும்.

ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பெருமைப்படக்கூடிய காரியம் இல்லை. வாய்க்கால் கரை வழியாகப் போய், வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றேன். கொட்டகைக்குள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கோரைப்பாய். என் அம்மாவுக்குச் சாக்கு. இரண்டுக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி. அதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா நாக்கைக் குழல் மாதிரி மடித்து அதன் வழியாகக் காற்றை உறிஞ்சினார். என் அம்மாவும் உறிஞ்சினாள்.

“உள்ள குளுகுளுன்னு போகுதா?”

“போகுதுங்கம்மா. சோடாக்கடைல நிக்கிற மாதிரி இருக்கு.”

இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். பிறகு மூக்கை மாற்றி மாற்றி அடைத்து மூச்சு விடுவது. அந்த அம்மா வலது கட்டை விரலால் வலது மூக்கையும், மோதிர விரலால் இடது மூக்கையும் அடைத்துக் காட்டினார். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்றார். என் அம்மா ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் ஒரு பக்கம் அமுக்கினாள். அடுத்த பக்கத்துக்கு முழங்கையைத் தூக்கிச் சுண்டு விரலோடு மல்லுக்கட்டினாள். முகத்தில் ஈ ஓட்டுகிறவள் மாதிரி இருந்தது.

“கட்டை வெரலுக்கு என்ன ஆச்சு? அடி பட்டிருக்கா?”

“இல்லைங்கம்மா.”

“அப்பறம் ஏன் எப்பப் பாத்தாலும் மடக்கி வச்சிருக்க?”

அம்மா தரையைப் பார்த்தாள். “எம் புள்ளதாங்க... இந்த வீட்டுக்குள்ள அத வெளிய எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குதுங்க.”

போருக்குப் பின்னால் எனக்கு வேர்த்தது. மாடு ஒன்று சாணி போடும் சத்தம் மட்டும் கேட்டது.

“நல்லாத்தான் சொல்லியிருக்கான்” என்றார் கடைசியில்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு நான் எத்தனை நாள் அலைந்தேன்! அது கேலியா? ஒப்புதலா? எச்சரிக்கையா? அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்தானே அப்படிச் சொல்ல முடியும்? தெரிந்தும் ஏன் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்?

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. நாற்றங்கால் வேலை ஆரம்பித்தது. நான் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கட்டை விரலைப் பார்த்தேன். ரேகையெல்லாம் ஊதா நிறம்.

கையைப் பிடித்து விளக்கருகே இழுத்தேன். “என்னம்மா இது?”

“நாவப்பழம்டா. அவங்க கொல்லையில உதுந்து கெடந்துது. நாலு எடுத்துத் தின்னேன்.”

“கட்டை வெரல் வெளிய வரக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“நாவப்பழத்த நாலு வெரலால தின்னு காட்டு பாப்போம்.”

முகர்ந்து பார்த்தேன். நாவல்பழ வாசனை இல்லை. மை வாசனையும் இல்லை. சாம்பல் வாசனைதான் வந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். “போடா” என்று கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் கோபமே எனக்குச் சாட்சியாகப் பட்டது.

மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். என் வாழ்நாளில் அதுவரை எழுதியதிலேயே சிறந்த மனு என்று நினைத்தேன். அம்மா பெயரில், தாசில்தாருக்கு. அந்த வீட்டார் ஏதாவது காகிதம் நீட்டினால் அதற்கு முன்பே இது கேஸ் கட்டில் இருக்க வேண்டும். தெரிந்த கடையில் மைப்பெட்டி வாங்கி வந்து அம்மா முன்னால் வைத்தேன்.

“என்ன எழுதியிருக்க?”

“நமக்குச் சாதகமாத்தான். வை.”

நாற்று முடிச்சுக் கட்டப் போகிற அவசரம் அவளுக்கு. விரலை நீட்டினாள். நான்தான் பிடித்து உருட்டினேன்.

ஆடியில் இரண்டாவது விசாரணை. அதே அறை, அதே காரியக்காரர். அம்மா வெளுத்த சேலை கட்டி, கட்டை விரலை மடக்கிக்கொண்டு நின்றாள். அவர்கள் தரப்பில் கைநாட்டுக் காகிதம் எதுவும் நீட்டவில்லை. தோல் பை மூடியே இருந்தது. தாசில்தார் கேஸ் கட்டைப் பிரித்து, மேலே இருந்த என் மனுவை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

“‘எழுதப் படிக்கத் தெரியாதவளும், சில மாதங்களாக உடல்நலமும் மனநிலையும் குன்றியவளுமான என்னை, எதிர்த்தரப்பு வீட்டார் தினந்தோறும் தம் வீட்டுக்கு வரவழைத்து, யோகாசனம் கற்பிப்பதாகக் கூறித் தம்வசப்படுத்தி வருகிறார்கள். ஆகையால் என் கைநாட்டு உள்ள எந்தக் காகிதம் வந்தாலும் அது செல்லாது என...’”

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த மனுவுலயும் கைநாட்டுதான தம்பி இருக்கு? அப்ப இதுவும் செல்லாதா?”

அறையில் இருந்த பத்து இருபது பேரும் சிரித்தார்கள். காரியக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. எங்கள் தெரு டீக்கடைக்குத் தெரிந்தது அவருக்கு எட்டவில்லை; அம்மா அங்கே போய்வருவது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“மனநில சரியில்லன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க சார். அந்த வாக்குமூலத்த எப்படி எடுக்குறது? அப்பறம், தெனம் எங்க வீட்டுக்கு வர்றதும் அவங்களே சொல்றதுதான். வீட்டு வேலைக்கு வர்ற பொம்பள சார். பண்ணையாள்னு நாங்க சொன்னது அதத்தான்.”

நிலம் போனது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யாரும் பிடுங்கவில்லை. நானே மடித்து, உறையில் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுதியிருந்ததை முதல் தடவையாகக் கேட்கிறாள். கழுத்திலிருந்து அந்தச் சிவப்பு ஏற ஆரம்பித்தது. நெற்றியில் முத்து முத்தாகப் பூத்தது.

“பாத்தீங்களா சார்” என்றார் காரியக்காரர்.

“இருங்க” என்றார் தாசில்தார்.

அம்மா கண்ணை மூடினாள். மடங்கியிருந்த கட்டை விரல் விரிந்தது. அத்தனை ஆண்கள் பார்த்திருக்க, அதை மூக்கில் வைத்து இழுத்தாள். மாற்றி அடைத்து விட்டாள். விடுகிற மூச்சு நீண்டுகொண்டே போனது. பின்னால் யாரோ கனைத்தார்கள். நாலைந்து தடவை செய்திருப்பாள். எனக்கு ஒரு பசலி வருடமே கழிந்த மாதிரி இருந்தது. பிறகு கையை இறக்கினாள். வேர்வை நிற்கவில்லை, தாடையிலிருந்து சொட்டிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“ஐயா, வேர்க்கும்ங்க. அது பாட்டுக்கு வேர்க்கும். எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு ஒரு வருசமாவுது. அதுலேருந்து இப்படித்தான். பொய்யும் இல்ல, பைத்தியமும் இல்ல. அந்த வீட்டுல நான் பாத்திரம் தேய்க்கல. மூச்சு விடக் கத்துக்கிட்டேன்.”

தாசில்தார் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

“அந்த வீட்டம்மா எதுக்கும்மா ஒனக்குச் சொல்லித் தரணும்?”

நான் கேட்ட அதே கேள்வி. யாரிடமும் சொல்வதில்லை என்று அம்மா கொடுத்த வாக்கு அங்கே நின்றது. மூன்று மா நிலமும் அங்கே நின்றது.

“அவங்களுக்கும் என் வயசுதாங்க” என்றாள்.

அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. காரியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப நெலத்தப் பத்திக் கேளுங்க ஐயா. சொல்றேன்.”

சொன்னாள். கிழக்கே வாய்க்கால், மேற்கே பெரியவீட்டுத் தென்னந்தோப்பு, தெற்கே மயானப் பாதை, வடக்கே கோயில் நிலம். எந்த மடையில் தண்ணீர் திருப்புவது, குறுவைக்கு எது, சம்பாவுக்கு எது. வடமேற்கு மூலையில் வரப்புக்கு அடியில் நண்டு வளை. எத்தனை தடவை அடைத்தாலும் தண்ணீர் அடுத்த வயலுக்கு ஒழுகும். ஒவ்வொரு வருடமும் அப்பா வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதித்தார், இந்த வருடம் இவள் மிதித்தாள்.

தாசில்தார் காரியக்காரரைக் கேட்டார்: “வடமேற்கு மூலைல என்ன இருக்கு?”

“வரப்புதான் சார் இருக்கு. வளை கிளையெல்லாம் நான் பாத்ததில்ல.”

தாசில்தார் எழுத ஆரம்பித்தார்.

பஸ்ஸில் அம்மா, “அந்த மனுவுக்கு நகல் வச்சிருப்பியே, எடு. படி” என்றாள். படித்தேன். ‘மனநிலையும்’ என்ற இடத்தில் என் குரல் நின்றது. “ம், படி.” கடைசிவரை படித்தேன். வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அந்த வீட்டுல இத்தனை நாள்ல யாரும் என்ன வெரல நீட்டச் சொல்லல. நீதான் சொன்ன” என்றாள்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதற்கு மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் போகவில்லை. காரியக்காரர் போய்ச் சொல்லி வீட்டுக்காரர் பூட்டினாரா, அந்த அம்மாவே தாழ் போட்டாரா, தெரியவில்லை. அம்மாவுக்கு நிலத்தைவிட அந்த ஒரு மணி நேரம்தான் வேண்டியிருந்ததோ என்றுகூடச் சில நாட்கள் எனக்குத் தோன்றியது. வீட்டில் சுவரில் காலைச் சாய்த்துக்கொண்டு தனியாகப் படுத்திருப்பாள். எண்ணிக்கை பாதியில் விட்டுப்போகும். அப்புறம் நடவாட்களில் ஒருத்தி, “என்னக்கா, சுவத்துல நடந்து எங்க போற?” என்று கேலி பேச வந்தவள், தனக்கும் அப்படித்தான் சூடு ஏறுகிறது என்று சொல்லி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் நாக்கை மடித்து உறிஞ்சினார்கள். அவளுக்கு நாக்கு மடங்கவேயில்லை.

எனக்கு அந்தப் பெரியவீட்டு அம்மாவின் மேல் இன்றுவரை முழு நம்பிக்கை இல்லை. “நல்லாத்தான் சொல்லியிருக்கான்” என்பதற்கு என்ன பொருள் என்று ஒரு நாள் அம்மாவிடமே கேட்டேன். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றதும் அதனால் வெளியே வந்துவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அவங்க வீட்டு ஆளுங்க பண்றது அவங்களுக்குத் தெரிஞ்சும் இருக்கும், தெரியாமலும் இருக்கும். அது எனக்கு எதுக்கு? சொல்லிக் குடுத்த மூச்சு நல்ல மூச்சு.”

புரட்டாசியில் தாலுகா ஆபீஸ் பியூன் சைக்கிளில் உத்தரவு நகல் கொண்டுவந்தார். குத்தகைப் பதிவேட்டில் அம்மா பெயர் ஏறியிருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வேண்டும் என்று மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அம்மா கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“மொதல்ல படிடா. ஒரு எழுத்து விடாம.”

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு பியூன் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் ஒரு தடவ படிங்க” என்றாள்.